வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு டெங்கு வந்தால்?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். ஏழு வயதுப் பையனுக்கு ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. எங்கள் வீதியில் அடுத்தடுத்து டெங்கு வருகிறது. கொசுப்புகை அடிக்க வந்தாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அரிசிம்பருப்பு சாதம் தவிர வேறெதையும் தொடமாட்டான். இவனுக்கும் காய்ச்சல் வந்துவிட்டால் எப்படிங்க சமாளிப்பது?

பதில்: டெங்குவில் மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு நோயாளிதான் பதில் சொல்லவேண்டும். வயிறு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா, அசதியா? உங்கள் பையனுக்காக அந்தப் பதிலை நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள். அதனால் அவன் நன்றாக இருக்கும்போதே கவனித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். எத்தனை மணி நேரம் தூங்குவான், ஒரு நாளில் எத்தனை தடவை சிறுநீர் போவான், அடிபட்டால் என்ன செய்வான்? சில பிள்ளைகள் வயிறு வலித்தால் கட்டில் விளிம்பில் வயிற்றை அழுத்திப் படுப்பார்கள், சிலர் தலையை முட்டிக்கொள்வார்கள். வழக்கமாக ஓடிக்கொண்டே இருப்பவன் திடீரென்று அடங்கிப்போனால், அதுவும் ஒரு சேதிதான். “ஆட்டிசம் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள்” என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். “இல்லைங்க, இது இவனுக்குப் புதுசு” என்று தாளைக் காட்டிச் சொல்லுங்கள்.

காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான், ஏறக்குறைய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிட வேண்டாம். விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் கண் சொருகுவது, புதிதாக ஒரு தவிப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலுக்கு, எடைக்கேற்ப மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டலாம். கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். தண்ணீர்ச்சத்துதான் முக்கியம். ஓஆர்எஸ் கரைசலின் ருசி அவனுக்குப் புதிது, காய்ச்சலோடு கொடுத்தால் துப்பத்தான் செய்வான். அவன் குடிக்கும் அதே டம்ளரில், இளநீரையும் கரைசலையும் இப்போதே ஒரு வாய் பழக்கிப் பாருங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைத்துத் தண்ணியாகக் கொடுத்தால் குடிப்பானா என்றும் பாருங்கள். அம்மாயியோ அப்பத்தாவோ மூக்கைப் பிடித்து நிலவேம்புக் கஷாயத்தைப் புகட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். திமிறும் பிள்ளைக்குப் புரையேறும். அப்புறம் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்கமாட்டான்.

ரத்தம் எடுப்பதற்கும் ஒத்திகை வேண்டும். பொம்மைக்கு, உங்களுக்கு, பிறகு அவனுக்கு என்று தெர்மாமீட்டர் வைத்துப் பழக்குங்கள். கையில் துணிப் பட்டையை இறுக்கி, பத்து எண்ணி அவிழ்த்துவிடுங்கள். ஊசி போடும் இடத்தில் தடவும் மரத்துப்போகும் களிம்பு உண்டு. அது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆட்டிசம் என்று சொல்லி வரிசையில் முதலில் விடச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

புகைக்கு வருவோம். அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், டிரம்மில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. புகை அடிப்பவர்கள் வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அவனைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீதிக்குப் போய்விடுங்கள். ஆனால் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை வாரம் ஒருமுறை காலிசெய்து, உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். தண்ணீரில் விளையாடப் பிடிக்கும் பிள்ளை மூடியைத் திறந்துகொண்டே இருப்பான், துணி கட்டிக் கயிறு போடுங்கள். விளையாட தினமும் ஊற்றிக் கொட்டும் தனி வாளி ஒன்று கொடுங்கள்.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். பகல் தூக்கத்துக்கும் கொசுவலை கட்டிப் பழக்குங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அங்கேயும் வலைக்குள் படுக்கச் சொல்லலாம். டிரிப்ஸ் போட்டால் ஊசியைப் பிடுங்காமலிருக்க அதன்மேல் துணி சுற்றி, முழுக்கைச் சட்டை போட்டுவிடச் செவிலியரிடம் கேளுங்கள். இறுக்கமாகச் சுற்றாமல், விரல்கள் வெளியே தெரியும்படி இருக்கட்டும்.