வசந்தம் வந்ததும் பாய்மரப் படகுக் கழகத்தில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: கனடாவில் ஒரு சிறிய சமூகப் பாய்மரப் படகுக் கழகத்தில் உறுப்பினராக இருக்கிறேன். இந்த வருடம் பருவத் தொடக்க வேலைகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: மீட்புப் படகில் தொடங்குங்கள். பாய்மரப் படகுகள் மேல் கட்டியிருக்கும் தார்ப்பாயை அவிழ்க்க முன்னரே அதன் மோட்டார் ஓட வேண்டும். அநேகமான கழகங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. ஏப்ரலில் முதல் வெயில் கண்டதும் எல்லோரும் வாளியும் கையுமாகப் படகு கழுவப் போய்விடுவார்கள். மீட்புப் படகு கொட்டகை மூலையிலேயே கிடக்கும். கடைசி வாரத்தில் யாராவது மோட்டாரை இயக்கிப் பார்க்கும்போது அது இருமிவிட்டு நிற்கும். அந்த நேரத்தில் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் உங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வரிசை நிற்கும்.

நான் ரொறன்ரோவின் வெளித்துறைமுகத்திலுள்ள ஒரு கழகத்தில் பல வருடங்களாகத் தொண்டு வேலை செய்கிறேன். 1959இலிருந்து நகரத்தின் கட்டட இடிபாடுகளைக் கொட்டி உருவாக்கிய 5 கிலோமீற்றர் நீளமான லெஸ்லி வீதி முனை ஒன்ராறியோ ஏரியின் பெரிய அலைகளைத் தடுக்கிறது. அதற்கு உட்புறத்தில் எங்களுடையதைப் போலச் சிறிய கழகங்கள் பல இருக்கின்றன. எங்களிடம் இருப்பவை அல்பகோர், லேசர் என்ற இரண்டு வகைச் சிறு பாய்மரப் படகுகள். சொந்தப் படகு யாருக்கும் தேவையில்லை. சந்தா கட்டி, பாடம் படித்துத் தேறினால் கழகத்துப் படகை எடுத்துக்கொண்டு போகலாம். பராமரிப்பை உறுப்பினர்களே செய்வதால்தான் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கும் அந்தச் சந்தா கட்டுப்படியாகிறது. ஆகவே நீங்கள் கேட்கும் இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஏன் மீட்புப் படகு முதலில்? மே மாதத்தில் வெளியே 20 பாகை வெயில் அடிக்கும், ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு வருவார்கள். ஏரித் தண்ணீரோ அப்போதும் 10 பாகையைத் தொட்டிருக்காது. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரவலாக்கிய 1-10-1 என்ற கணக்கை உங்கள் உறுப்பினர் எல்லோருக்கும் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். நடுவிலுள்ள அந்த 10 நிமிடம்தான் எங்களுக்கு முக்கியம். அதற்குள் ஒருவர் கவிழ்ந்த படகை நிமிர்த்தி ஏறிவிட வேண்டும், அல்லது யாராவது அவரைத் தூக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு நல்ல நீச்சல்காரரின் விரல்கள்கூடக் கயிற்றைப் பிடிக்காது. என்னைப் பொறுத்தவரை பருவத் தொடக்க வேலைகளின் வரிசை முழுவதையும் தீர்மானிப்பது இந்த 10 நிமிடம்தான். கவிழ்ந்தவரைச் சீக்கிரம் வெளியே எடுக்க உதவும் வேலைகள் முதலில். மற்றதெல்லாம் பிறகு. கோடையிலும் இது முடிந்த கதை அல்ல. மேற்குக் காற்று விடாமல் அடித்தால் மேலே மிதக்கும் சூடான தண்ணீர் நடு ஏரிக்குத் தள்ளப்பட்டு, ஆழத்துக் குளிர்நீர் வட கரையில் மேலெழும். ஜூலையிலும் ஒரே இரவில் தண்ணீர் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்துவிடுவதுண்டு.

மோட்டாரில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். கியர் எண்ணெயில் சிறிது வடித்துப் பாருங்கள். பால் ஊற்றியது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்றாமல் ஓட்டக்கூடாது. போன வருடத்து எரிபொருளை நம்ப வேண்டாம். தண்ணீர்க் குழாயை மாட்டி மோட்டாரை இயக்கியதும் பக்கத்திலுள்ள சிறு துளையால் தண்ணீர் சீராகப் பாய வேண்டும். விட்டுவிட்டு வந்தால் உள்ளே சுழலும் ரப்பர் இதழ்கள் தேய்ந்திருக்கும் அல்லது குழாய் அடைத்திருக்கும். ஓட்டுநரின் உடலில் மாட்டும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுப் பாருங்கள், இழுத்த கணத்தில் மோட்டார் நிற்க வேண்டும். குறைந்தது 15 மீற்றர் நீளமான மிதக்கும் கயிறு படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை நல்ல பையில் சுருட்டி, எடுத்த எடுப்பில் வீசக்கூடியதாக வையுங்கள். ஓட்டப்போகிறவர்களிடம் படகு ஓட்டுநர் அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2009இலிருந்து கனடாவில் மோட்டார் படகு ஓட்டும் எல்லோரும் தங்கள் தகுதிக்கான சான்றை வைத்திருக்க வேண்டும். படகிலிருந்து தொடர்புகொள்ளும் விஎச்எஃப் வானொலியில் பேசுவதற்குத் தனியான சான்றிதழ் உண்டு.

அடுத்தது உயிர்காப்பு அங்கிகள். எங்கள் கழகத்தில் எல்லா அங்கிகளையும் புல்லில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்போம். உள்ளேயிருக்கும் நுரைப் பட்டையை அமுக்கினால் திரும்ப எழும்ப வேண்டும். அப்பளம் மாதிரி நொறுங்கும் சத்தம் கேட்டால் அது குப்பைக்கு. அங்கீகார லேபிள் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கிழிந்த இடத்தை வீட்டில் தைத்துப் போட்டால் அந்த அங்கீகாரம் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. காற்று நிரப்பும் வகை அங்கிகள் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் கூடாது. பிள்ளைகளின் அளவுகள் எத்தனை இருக்கின்றன என்று இப்போதே எண்ணுங்கள். பிள்ளைகளுக்கான வகுப்பு தொடங்கும் காலையில் எண்ணினால் பெரியவர்களின் அங்கியை வாரை இறுக்கிப் போட்டுவிடும் நிலை வரும். தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழேயும் அங்கி மேலேயும் போகும்.

இனித்தான் படகுகள். அல்பகோர், ஊஃபா ஃபொக்ஸ் வடிவமைத்து 1954இல் வந்த படகு. 15 அடி, வெறும் உடலே 109 கிலோ. இருவர் ஓட்டுவது. கவிழ்ந்தால் அதை மிதக்க வைப்பவை அடைத்த காற்று அறைகள். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த அறைக்குள் தண்ணீர் போகுமானால் அந்தப் படகை வெளியே விடக்கூடாது. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அறையின் வடிகால் துளைக்குள் ஒரு குழாயைச் செருகி வாயால் மெதுவாக ஊதுங்கள். இன்னொருவர் மூட்டுகளிலும் மூடிகளின் ஓரங்களிலும் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் தடவட்டும். குமிழி எழும் இடத்தில்தான் ஓட்டை. ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரை ஒருபோதும் பாவிக்க வேண்டாம், அறையே பிளந்துவிடும்.

லேசரில் வேறொரு இடம் இருக்கிறது. கனடியரான புரூஸ் கிர்பி வடிவமைத்த இந்தப் படகில் பாய்மரத்தைத் தாங்கக் கம்பிகள் எதுவும் கிடையாது. மரம் நேரே உடலிலுள்ள ஒரு குழிக்குள் நிற்கும், காற்றின் பாரம் முழுவதும் அந்தக் குழியில்தான் இறங்கும். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடியில் வெடிப்பு இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நல்ல காற்று நாளில் மரம் மேல்தளத்தையும் கிழித்துக்கொண்டு சாயும்.

வெடிப்பு ஒட்டும் வேலையை ஏப்ரலில் வைக்க வேண்டாம். வெடிப்பை ஒட்டும் பொலியெஸ்டர் பிசினும் அதன்மேல் பூசும் ஜெல்கோட் என்ற பளபளப்பான பூச்சும் 15 பாகைக்குக் கீழே சரியாக இறுகாது. ஈரம் ஊறிய ஃபைபர் கிளாசில் ஒட்டவும் ஒட்டாது. ஏப்ரலில் வெடிப்பைச் சுற்றிச் சுரண்டி, திறந்து காயவிடுங்கள். ஒட்டுவதை மே நடுவில் பாருங்கள்.

இனிக் கம்பிகள். அல்பகோரின் மரத்தை இரு பக்கமும் முன்னாலும் இழுத்துப் பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இவை. எங்கள் கழகத்தில் வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர் இருக்கிறார். அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைக் கட்டி, அது 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்ததைக் கண்ட ஊர் அது. புதிதாக வரும் பிள்ளைகள் கம்பியை விரல்களால் வருடத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுவார். “தம்பி, கையால தடவாதை. உந்தத் துணியை எடு.” பழைய பருத்தித் துணியொன்றைக் கம்பியைச் சுற்றி மடித்துப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை ஒரே வேகத்தில் இழுப்பார். இழை ஒன்று அறுந்திருந்தால் துணியில் கொளுவும். “இஞ்ச பார், நூல் நிக்குது. இது போச்சு.” அறுந்த இழை ஊசி மாதிரி விரலுக்குள் ஏறும் என்பதால் இந்த முறை கைக்கும் பாதுகாப்பு. ஒரு இழைதானே என்று நினைக்க வேண்டாம். 19 இழைகளால் முறுக்கிய கம்பியில் ஒன்று போனால் மற்றவையும் அதே பாரத்தில் களைத்திருக்கும். அநேகமாக அறுவது நடுவில் அல்ல, கம்பி உலோகக் குழலுக்குள் நுழையும் வாயில்தான். அந்த இடத்தில் பழுப்பு நிறக் கசிவு தெரிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கம்பிகளைப் படகோடு இணைக்கும் ஊசிகள் கழராமல் அவற்றுக்குக் குறுக்கே போடும் சிறு வளையங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒட்டும் நாடா சுற்றிவிடுங்கள். மரம் விழுந்த பல சம்பவங்களை விசாரித்தால் காணாமல் போன ஒரு வளையத்தில்தான் போய் முடியும்.

மரத்தை நிமிர்த்த முன்னர் மேலே பாருங்கள். அலுமினிய மரமும் மின்கம்பியும் தொட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. நிமிர்த்தியபடி படகை இழுத்துச் செல்லும் பாதையை ஒருவர் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும்.

சுக்கானின் கொளுக்கிகள், படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் பலகையான சென்டர்போர்ட்டின் அச்சாணி, கயிறுகள் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு அதிக நேரம் எடுக்காது. பாய்களில் துணியைவிட நூல்தான் வெயிலுக்கு முதலில் போகும். தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், நூல் பொடியாக உதிர்ந்தால் அந்தத் தையலை முழுவதும் திரும்ப ஓட்ட வேண்டும்.

கரையில் இறங்குதளம்தான் தலையிடி. மாரியில் பனிக்கட்டி அதன் சங்கிலிகளை இழுத்துப் பிய்த்திருக்கும். ஏரியின் மட்டம் ஏப்ரலில் இருந்து ஜூன் வரை ஏறிக்கொண்டே போகும் என்பதை நினைவில் வைத்துச் சங்கிலிக்கு நீளம் விடுங்கள். 2017இல் ரொறன்ரோத் தீவுகளின் பூங்காக்கள் வெள்ளத்தால் மூடப்பட்டன, 2019இல் அதையும் விட மட்டம் உயர்ந்தது. அந்த வருடங்களைக் கண்ட பிறகு எங்கள் மின்இணைப்புகளையெல்லாம் மேலே ஏற்றிவிட்டோம். தளத்துக்கு அடியில் தகைவிலான் குருவி கூடு கட்டி முட்டையிட்டிருந்தால் கையை வைக்க வேண்டாம். குடிபெயர் பறவைகளுக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. பலகை மாற்றும் வேலை இருந்தால் அவை திரும்பி வர முன்னரே முடியுங்கள்.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்யும் பயிற்சியாளருக்கும் தொண்டர்களுக்கும் பொலிஸ் சான்று வேண்டும். அது வர வாரக்கணக்காகும், பெப்ரவரியிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வேலை நாட்களில் புதியவர் ஒருவரையும் பழையவர் ஒருவரையும் ஒரே படகுக்குச் சேர்த்துவிடுங்கள், ஒரு சனிக்கிழமையில் புதியவர் அந்தப் படகின் எல்லாப் பாகங்களையும் தொட்டுப் பார்த்திருப்பார். இப்படி வேலை செய்தவர்கள் அடுத்த வருடமும் வருகிறார்கள். வாளி கொடுத்துத் தனியே மூலையில் விட்டவர்கள் வருவதில்லை. ஸ்காபரோவிலிருந்து வரும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி, “பிள்ளைக்கு நீந்தத் தெரியாட்டி என்ன செய்யிறது, அக்கா?” என்பதுதான். அந்தக் கேள்வியை மதித்துப் பதில் சொல்லக்கூடிய ஒருவரைப் பதிவு மேசையில் இருத்துங்கள். அங்கி போட்டுத் தண்ணீரில் இறக்கி, மிதந்து பழகிய பிறகுதான் படகில் ஏற்றுவோம் என்று நேரிலேயே காட்டினால் தாய்மார் நம்புகிறார்கள்.

எல்லாம் தயாரானதும் உறுப்பினருக்குக் கதவு திறக்க ஒரு வாரம் முன்னதாக மீட்புக் குழுவை மட்டும் அழையுங்கள். தண்ணீர் உள்ளே புகாத உலர் உடை போட்ட ஒருவர் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, கை கால் அசைக்காமல் கிடக்கட்டும். கரையிலிருந்து மீட்புப் படகு புறப்பட்டு அவரை உள்ளே எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 10 நிமிடம் என்று முன்னர் சொன்னேனே, அதில் பாதிக்குள் வர வேண்டும் என்பது என் கருத்து. வராவிட்டால் எது தாமதமாக்கியது என்று தேடுங்கள். சாவி எங்கே என்று தெரியாமை, கட்டவிழ்க்க முடியாத முடிச்சு, ஆளைத் தூக்க ஏணி இல்லாமை போன்ற சின்னச் சின்னக் காரணங்கள்தான் வரும். திருத்தி, மறுநாளும் செய்யுங்கள். நேரம் சரியாக வரும்வரை திறப்பு நாளைத் தள்ளிப்போடும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும், பொறுப்பை ஏற்கும்போதே நிர்வாகக் குழுவிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மெழுகு பூசுவது, கழகக் கட்டடத்துக்குப் பெயின்ற் அடிப்பது, பெயர்ப்பலகை எல்லாம் ஜூனில் செய்யலாம். உங்களிடம் எந்த வகைப் படகுகள், கடலா ஏரியா என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள், அந்தந்தப் படகில் எந்த இடம் முதலில் பழுதாகும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.