நெடுநாள் ஓடாத வாட்சும் காரும்: கேள்வி பதில்

கேள்வி: 12 ஆண்டுகள் அலமாரியில் கிடந்த சாவி வாட்ச், சாவி கொடுத்ததும் ஓடுகிறது. கட்டிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கிடந்ததால் அது கெடவில்லை. இப்போது ஓடுவதால்தான் கெடும். சக்கர அச்சுகளைத் தாங்கும் கல்லில் இருந்த எண்ணெய்த் துளி பிசினாகியிருக்கும், அல்லது விலகிப் பரவியிருக்கும். நேரத்தைச் சீராக்க முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு நுனி 0.1 மி.மீ. கனம்தான். பழைய வாட்ச் பலவற்றில் அந்தச் சக்கரம் மணிக்கு 18,000 முறை அடிக்கும். வறண்ட கல்லில் உரசி வரும் இரும்புத்தூள் மிச்ச எண்ணெயோடு சேர்ந்து செம்பழுப்புப் பசையாகி, அச்சையே அரைக்கும். முழுக்கப் பிரித்துக் கழுவி, புது எண்ணெய் இட்டபிறகு கட்டுங்கள். கழுவாமல் மேலாக எண்ணெய் விடச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: சாவியை அதிகமாக முறுக்கியதால் நின்றுவிட்டது. ஸ்பிரிங்கைத் தளர்த்தலாமா?

பதில்: முழுக்க முறுக்கியதால் வாட்ச் நிற்காது. எண்ணெய் காய்ந்திருக்கும், அழுக்கு சேர்ந்திருக்கும். முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சை, கட்டாதபோது சுழற்றிக்கொண்டே இருக்கும் பெட்டி தேவையா?

பதில்: தேவையில்லை. நின்றால் தேய்மானமும் நிற்கும். தேதியைத் திருத்தும்போது மட்டும் முள் இரவு 9க்கும் அதிகாலை 3க்கும் இடையில் இருக்கக் கூடாது. பல வாட்சுகளில் பல்சக்கரம் உடையும்.

கேள்வி: 3 ஆண்டாக நிற்கும் கார்புரேட்டர் காரை எப்படி எழுப்புவது?

பதில்: சாவியைத் தொடாதீர்கள். முதலில் பழைய பெட்ரோலை முழுக்க வடியுங்கள். எத்தனால் கலந்ததானால் ஈரத்தை இழுத்து, அடியில் தனி அடுக்காகத் தங்கியிருக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டில் (பெட்ரோல் போகும் நுண்துளையில்) படிந்த மஞ்சள் பிசினைக் கழுவுங்கள். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மி.லி. ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் ஸ்பானர் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்க, கிராங்கை (இன்ஜினின் முக்கியத் தண்டை) கையால் 2 சுற்று சுற்றுங்கள். இறுகினால் வலுக்கட்டாயம் வேண்டாம். பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கும், இன்னும் ஊறட்டும். சுலபமாகச் சுற்றினால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை சில நொடிகள் விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அதன்பிறகே பிளக்கும் தீப்பொறியும். தெருவில் இறக்கும்முன் பிரேக் ஆயிலை மாற்றியாக வேண்டும். ஈரம் ஏறியிருந்தால் சூட்டில் கொதித்துப் பெடல் தரையில் போய்விடும்.

கேள்வி: நிற்கும் காரின் இன்ஜினை வாரம் ஒருமுறை 10 நிமிடம் ஓடவிட்டால் போதாதா?

பதில்: அது நிறுத்தி வைப்பதைவிடக் கெடுதல். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடேறாத இன்ஜினில் அதில் ஒரு பங்கு ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும்.

கேள்வி: பேட்டரி சார்ஜ் ஏறுமே, ஆயிலும் மேலே ஏறுமே?

பதில்: ஐடிலில் 10 நிமிடம் ஓடினால், ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட் திரும்ப வந்தாலே பெரிது. பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜர் போடுங்கள். ஆயில் மேலே ஏறும், ஆனால் தண்ணீரோடு ஏறும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பாலேடு மாதிரி வெளுத்த படிவு இருந்தால் அதுதான் சாட்சி. காரை எடுத்தால் சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்; முடியாவிட்டால் எடுக்காதீர்கள்.

கேள்வி: கார் ஒரு வருடமாக நிற்கிறது, நேரே ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: மேலே சொன்னதேதான். கையால் சுற்றாமல் சாவி போடாதீர்கள்.

கேள்வி: டயர் பட்டன் (தரையில் படும் மேடுகள்) புதிதுபோல் இருக்கிறதே?

பதில்: பட்டனைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியின் கடைசி 4 எண்களைப் பாருங்கள். 2314 என்றால் 2014-இன் 23ஆம் வாரம். 10 ஆண்டு தாண்டினால் கழற்றிவிடுங்கள்.