கேள்வி பதில்: ஆற்றங்கரைக் காட்டில் இளையோர் முகாம்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஊதியம் எதுவும் இல்லாமல், 12 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆற்றோரக் காட்டில் 5 நாள் முகாம் நடத்த இருக்கிறோம். கூடாரம் அடிக்க இடம் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கரையோரத்தில் சமதளமாக, மணல் பரந்து கிடக்கும் இடம்தான் முதலில் கண்ணைக் கவரும். ஆனால் அந்த மணலைக் கொண்டுவந்து பரப்பியதே வெள்ளம்தான். அங்கே நின்றுகொண்டு சுற்றியுள்ள புதர்களைப் பாருங்கள். கிளைகளின் கவட்டில் காய்ந்த புல்லும் சருகும் சுள்ளிகளும் ஒரே திசையில் சாய்ந்து சிக்கியிருந்தால், கடைசியாக வந்த வெள்ளம் அந்த உயரம் வரை ஏறியது என்று பொருள். அந்த அடையாளத்துக்கு நன்றாக மேலே, இரவிலும் நடந்து ஏறக்கூடிய வழியுள்ள மேட்டில் கூடாரங்களை அடியுங்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும், ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து உங்களிடம் வந்து சேரலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவதும், இலைகளும் குச்சிகளும் மிதந்து வரத் தொடங்குவதும் அதன் முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டதும் நீர்மட்டம் உயர்கிறதா என்று பார்த்துக் கொண்டிராமல் பிள்ளைகளைக் கரையேற்றிவிட வேண்டும். பிறகு அண்ணாந்து பாருங்கள்: பட்டுப்போன மரத்தின் அடியிலும், முறிந்து தொங்கும் கிளையின் கீழும் யாரும் உறங்கக் கூடாது.

கேள்வி: என் மகளை இத்தகைய ஒரு முகாமுக்கு அழைக்கிறார்கள். நடத்துபவர்கள் அனைவரும் நல்லவர்கள். ஆனால் தொழில்முறையில் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். நம்பி அனுப்பலாமா?

பதில்: நல்லவர்கள் என்பது போதாது என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் உதவிக்குச் சென்ற முகாம் ஒன்றில், பிள்ளைகள் குளிக்கும்போது நாங்கள் நான்கு பெரியவர்கள் கரையில் நின்றிருந்தோம். மற்ற மூவரும் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம். ஒரு சிறுவன் கால் வழுக்கி ஆழத்துக்குப் போனான். அவன் கத்தவில்லை, கையை உயர்த்தி அசைக்கவும் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, அமைதியாக மூழ்கிக் கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற சிறுமிதான் அவன் தோளைப் பற்றி இழுத்தாள். பலர் அடித்த பாம்பு சாகாது என்பார்களே, அந்தப் பழமொழியின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது, வேறு எந்த வேலையும் இல்லாமல் அவர்களை மட்டுமே பார்த்துக் கொண்டிருப்பவர் யார்?" என்பதுதான். அதற்குப் பதிலாக ஒரு பெயர் வர வேண்டும். "நாங்கள் எல்லோரும்" என்று வந்தால் அனுப்பாதீர்கள். அவர் கையில் வீசி எறியக்கூடிய கயிறு இருக்க வேண்டும். பிள்ளைகள் இருவர் இருவராக இறங்கி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஒலித்ததும் தத்தம் இணையின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்ட வேண்டும். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதால், முழங்காலளவு நீர்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

அமெரிக்க முகாம் சங்கம், இரவு தங்கும் முகாம்களில் 9 முதல் 14 வயது வரையுள்ள 8 பிள்ளைகளுக்குக் குறைந்தது 1 பொறுப்பாளர் தேவை என்கிறது. இந்த அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையுடன் பிறர் பார்வைக்கு எட்டாத இடத்தில் தனித்திருக்கக் கூடாது என்ற விதி அங்கே இருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பொறுப்புள்ளவர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள்.

கேள்வி: காட்டாற்று நீர் கண்ணாடி போல இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா?

பதில்: கூடாது. தளதளவென்று கொதி வந்த பின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியானால் 3 நிமிடம் கொதிக்க விட்டு ஆறவைத்துக் குடியுங்கள். கழிப்பிடம் ஆற்றிலிருந்து 60 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும்.

கேள்வி: சென்ற ஆண்டு தன்னார்வலராகச் சென்றேன். மூன்றாம் நாள் இரவில் சோர்வு தாங்காமல் ஒரு பிள்ளையிடம் எரிந்து விழுந்துவிட்டேன். இனி நான் இதற்குத் தகுதியானவள்தானா?

பதில்: அதை இன்னும் மறக்காமல் எழுதுகிறீர்களே, நீங்கள் அவசியம் போக வேண்டும். குறை உங்கள் குணத்தில் இல்லை, வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. விடியுமுன் அடுப்பு மூட்டியவரே நள்ளிரவில் வீட்டை நினைத்து அழும் பிள்ளைக்குத் துணையாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் பொறுமை எஞ்சாது. இரவுக் காவல் இருந்தவருக்கு மறுநாள் காலை கட்டாய உறக்கம் என்று முன்கூட்டியே அட்டவணையில் எழுதிவிடச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை இந்த ஆண்டும் வந்தால், முதல் நாளே தனியே ஒதுங்காமல் எல்லோரும் காணும் இடத்தில் அவனருகில் அமர்ந்து, அன்றைக்குக் கோபப்பட்டது உங்கள் தவறு என்று சொல்லிவிடுங்கள்.