கீழே போகும்வரை

அன்புள்ள அண்ணா,

நான் கோத்தகிரி பக்கம் பிளஸ் ஒன் படிக்கிறேன். எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்பது எட்டாவதிலேயே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் என் நடை, பேச்சு எல்லாமே கிண்டல்தான். 'ஒன்பது' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பஸ்ஸில் ஒன்பதாம் எண் சீட்டைக் காட்டி "உன் சீட்டு காலியா இருக்கு" என்கிறார்கள். அதனால் சாயங்காலம் தேயிலைத் தோட்டம் வழியாக நடந்தே வீட்டுக்குப் போகிறேன். இதெல்லாம் ஜெயில் கேஸ் என்று ஒரு சார் வகுப்பிலேயே சொன்னார். டாக்டரிடம் காட்டினால் மாறிவிடுவான் என்று மாமா அம்மாவிடம் பேசியதும் காதில் விழுந்தது. பிளஸ் டூ முடித்து மலையிலிருந்து கீழே போய்விட்டால் சரியாகிவிடும் என்று இருக்கிறேன். இன்னும் ஒன்றரை வருடம். அதுவரை என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள தம்பி,

அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றிவிட்டுத்தான் கடிதத்தை வெளியிடுகிறேன். நம் மலையில் பஸ் நிற்கும் இடத்தைச் சொன்னாலே யார் வீட்டுப் பையன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

குன்னூரில் என்னோடு ஒருவன் படித்தான். வருகைப் பதிவேட்டில் அவன் எண் பதினான்கு. ஒன்பது வேறொருவனுடையது. ஆனாலும் ஆசிரியர் ஒன்பது என்றதும் வகுப்பே திரும்பி இவனைப் பார்க்கும். ஆசிரியரும் குனிந்தபடி சிரிப்பார். நான் அவனை அடித்ததில்லை, பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை. அதனால் நான் நல்லவன் என்று ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நல்ல வேலை. "அடிச்சவனுங்க பேரு மறந்துபோச்சுடா. நீ முன் பெஞ்சுலேருந்து திரும்பிச் சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "சரி, காபி குடி" என்றான். எட்டு வருடமாகத் தன் துணையோடு ஒரே வீட்டில் இருக்கிறானாம். வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "வாடகை அஞ்சாம் தேதி வந்துடுதுங்கிறது தெரியும்" என்றான்.

ஆக, கீழே ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஆனால் அதைக் காட்டி, அதுவரை பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினாறு வயதில் ஒன்றரை வருடம் என்பது நீண்ட காலம்.

உன் சார் சொன்னது தவறு. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். மனமொத்த இரு பெரியவர்களின் உறவுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. இந்தச் சமூகத்தினரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று அந்தத் தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது. ஒருவரைப் பிடித்திருப்பது பழைய சட்டத்தில்கூடக் குற்றமாக இருந்ததில்லை. திருமணத்துக்குத்தான் இன்னும் வழி இல்லை. 2023-ல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

மாமாவுக்கும் பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. அப்படி யாராவது பணம் வாங்கினால் அந்த ஆள் மேல்தான் புகார் கொடுக்க வேண்டும்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டிருந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை முழுதாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையில் தானும் ஒருவன் என்று உத்தரவிலேயே எழுதினார். ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் காவல்துறைக்கும் மற்ற துறைகளுக்கும் உத்தரவுகள் போட்டார். இந்தச் சமூகத்தினரை எந்தச் சொற்களால் மரியாதையாகக் குறிப்பிட வேண்டும் என்று மறு வருடம் தமிழக அரசு அரசிதழில் பட்டியலே வெளியிட்டது. அதில் 'ஒன்பது' இருக்காது என்று உன் சாருக்குச் சொல்லத் தேவையில்லை.

நீதிபதியே தெரியவில்லை என்று சொல்லிக் கற்றுக்கொண்டார். முன் பெஞ்சிலிருந்த நானும், ரொம்பத் தாமதமாகத்தான் என்றாலும், கற்றுக்கொண்டேன். அதனால் உன் வகுப்பில் இருக்கிற நாற்பது பேரும் ஒரே மாதிரி என்று நினைக்காதே. கிண்டலுக்குச் சிரிக்காத முகம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். தேடு. அவனோ அவளோ பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் கிண்டலைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். உனக்கு யாரைப் பிடிக்கும் என்பதை அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. என்று, யார், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை. வீட்டில் சொல்ல அவசரப்படாதே, படிப்பும் சாப்பாடும் இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. ராத்திரி மனசு ரொம்பக் கனத்தால் 14416-க்கு போன் செய். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். யாராவது அடித்தாலோ மிரட்டினாலோ குழந்தைகளுக்கான 1098. பதினெட்டு ஆகும்வரை அது உனக்கும்தான்.

அப்புறம், அந்தத் தோட்டத்து வழி வேண்டாம். இருட்டும் நேரத்தில் காட்டெருமை இறங்கும், பனிமூட்டத்தில் பத்தடி முன்னால் நிற்பதுகூடத் தெரியாது. பஸ்ஸிலேயே போ. டிரைவருக்குப் பின்னால் உட்கார். பள்ளியில் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்