பின்கண்ணாடி சொல்லும் ஆண்டு

வணக்கம்.

பழைய தெருப் புகைப்படங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் மனிதர்களை விட்டுவிட்டு ஓரமாக நிற்கும் கார்களிடமே போய்விடுகிறீர்கள். சென்ற முறை ஒரு படத்தைக் காட்டி, "இது 1957 ஆகஸ்டுக்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு காரை வைத்து எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? எனக்கு நாலு கார் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. வண்ணமேற்றி யூடியூபில் போடுகிறார்களே, அந்தப் பழைய தெருக்காட்சிகளைப் பார்த்துப் பழகலாமா? எங்கள் வீட்டு ஆல்பத்திலும் ஆண்டு தெரியாத தெருப்படம் ஒன்று இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

அந்தப் படத்தில் நின்றது ஃபோக்ஸ்வேகன் பீட்டில். முன்பக்கத்தைப் பார்த்து அதன் வயதைச் சொல்வது கஷ்டம், பின்கண்ணாடி தெரிந்தால் சுலபம். 1953 மார்ச் வரை அந்தக் கண்ணாடி நடுவே தகடு ஓடி இரண்டாகப் பிரிந்திருக்கும். அப்புறம் முட்டை வடிவத்தில் ஒரே கண்ணாடி. 1957 ஆகஸ்டில் அதையும் மாற்றி அகலமான, கிட்டத்தட்டச் செவ்வகமான கண்ணாடி வைத்தார்கள். படத்தில் இருந்தது இந்த மூன்றாவது வகை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கார் சொன்னது கீழ்வரம்பை மட்டும். தெருவில் இருப்பவற்றிலேயே ஆகப் புதிய கார் எதுவோ, அது வெளிவருவதற்கு முன் படம் எடுத்திருக்க முடியாது. எவ்வளவு காலம் கழித்து எடுத்தார்கள் என்பதை அந்த ஒரு கார் சொல்லாது, ஏனென்றால் ஜெர்மனியில் சாதாரண பீட்டில் 1978-ல் நின்றாலும் மெக்சிகோவில் 2003 வரை தயாரித்தார்கள், வாங்கியவர்களும் பதினைந்து இருபது வருடம் ஓட்டினார்கள். அதனால் படத்தில் உள்ள பழைய காரைப் பார்த்து ஆண்டு சொல்பவரை நம்பாதீர்கள். பலரும் செய்வது அதுதான், பளிச்சென்று கண்ணில் படும் அழகான பழைய காரைப் பிடித்துக்கொள்கிறார்கள், பின்னால் பாதி மறைந்து நிற்கும் சாதாரணப் புது வண்டியை விட்டுவிடுகிறார்கள்.

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. முதலில் உருவத்தைப் பழகுங்கள். ஹெட்லைட் தனியாகக் காம்பு வைத்து நிற்கிறதா, மட்கார்டுக்குள் புதைந்திருக்கிறதா? கதவுக்குக் கீழே ஏறுவதற்குப் படி இருக்கிறதா? மட்கார்டு தனியாகப் புடைத்து நிற்கிறதா, உடலோடு ஒட்டிச் சமமாகிவிட்டதா? முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டா, வளைந்த ஒரே துண்டா? இந்த நாலு கேள்வியே முப்பதுகளையும் ஐம்பதுகளையும் பிரித்துவிடும். அமெரிக்கக் கார் என்றால் இன்னும் நெருக்கமாகப் போகலாம். அங்கே 1940 முதல் ஒரே அளவிலான வட்ட ஹெட்லைட் இரண்டுதான், நாலு ஹெட்லைட் 1957-ல் சில கார்களில் தலைகாட்டி 1958-ல் பரவலாகிவிட்டது. பின்பக்க இறக்கைகள் 1948 காடிலாக்கில் சின்னதாக முளைத்து 1959-ல் உச்சத்துக்குப் போய், அறுபதுகளின் நடுவில் மறைந்தன. பக்கவாட்டில், பம்பரை ஒட்டிச் சின்ன விளக்கோ பிரதிபலிப்பானோ இருந்தால் கார் 1968 மாடலோ அதற்குப் பிந்தையதோ, அந்த ஆண்டு மாடல்களில்தான் அது கட்டாயமானது. 1942 பிப்ரவரியிலிருந்து 1945 வரை, போர் காரணமாக, அங்கே பொதுமக்களுக்கான கார் தயாரிப்பே இல்லை. அதனால் 1946-ல் வந்தவை பெரும்பாலும் 1942 உடம்பில் புது கிரில் (முன்பக்கத்துக் கம்பித் தடுப்பு) மாட்டியவை. இந்த இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் கிரில்லைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் என்னை மிகவும் ஈர்த்த வேலை டேவிட் கீன் என்ற திரை வரலாற்றாய்வாளர் செய்தது. சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெரு வழியாக அப்போது ஓடிய கேபிள் காரின் (தரைக்கு அடியில் ஓடும் கம்பிவடம் இழுக்கும் டிராம்) முன்னால் கேமராவை வைத்து மைல்ஸ் சகோதரர்கள் எடுத்த காட்சி ஒன்று உண்டு. அது 1905 செப்டம்பரில் எடுத்தது என்றே வெகுகாலம் பதிவாகியிருந்தது. கீன் பார்த்தபோது தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தது, அந்தச் செப்டம்பரிலோ மழையில்லை. பிறகு காட்சியில் ஓடும் ஒரு காரின் நம்பரைப் பதிவேடுகளில் தேடினார், அது 1906-ன் தொடக்கத்தில் பதிவான வண்டி. அப்படியானால் அந்தத் தெருவையே சிதைத்த 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்துக்குச் சில நாட்கள் முன்புதான் இதை எடுத்திருக்கிறார்கள். ஒரு நம்பர் பிளேட்டும் கொஞ்சம் மழைத்தண்ணீரும் அந்த முகங்களை வேறு மாதிரிப் பார்க்க வைத்துவிட்டன. நான் மனிதர்களை விட்டுவிடுவதாகச் சொல்கிறீர்கள், எனக்கு அவர்களிடம் போகும் வழியே கார்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதே காட்சியில் சில கார்கள் கேமராவைச் சுற்றிச் சுற்றித் திரும்ப வருகின்றன. கவனிக்காதவர் அந்த ஊரில் அப்போதே அத்தனை கார் ஓடியது என்று எழுதிவிடுவார்.

சரி, யூடியூப். வண்ணமேற்றியதை வைத்துப் பழக வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. இருபதுகளின் நடுப்பகுதி வரை சினிமாவில் பெரும்பாலும் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புக் கார் கறுப்பாக விழும், வெளிர்நீலம் வெள்ளையாக விழும். அதிலிருந்து அசல் நிறத்தை யாராலும் மீட்க முடியாது, போடுவதெல்லாம் ஊகம். ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை தொழிற்சாலையிலிருந்து கறுப்பில் மட்டுமே வந்தது, 1920-ம் ஆண்டுத் தெருவில் அவற்றைப் பச்சையும் சிவப்புமாக வரிசையாக ஓடவிட்டால் என்ன சொல்வது? இதைவிட மோசம், தெளிவாக்குகிறேன் என்று மென்பொருளிடம் கொடுப்பது. மங்கலான இடத்தில் அது தானாக ஒரு கிரில்லை வரையும், நம்பர் பிளேட்டில் இல்லாத எழுத்துகளை எழுதும். மங்கலாக இருந்தால் தெரியவில்லை என்றாவது தெரியும், இங்கே பொய் கூர்மையாகத் தெரிகிறது. ஆவணக்காப்பகங்கள் வெளியிடும் அசல் ஸ்கேனையே தேடிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. படம் இடவலமாகத் திருப்பி அச்சாகியிருக்கிறதா என்று ஸ்டியரிங்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்வீடனில் 1967 செப்டம்பர் 3 வரை சாலையின் இடப்பக்கம்தான் போனார்கள், ஆனால் பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கும் இடப்பக்கம்தான். கடைப் பலகையின் எழுத்தையும் நம்பர் பிளேட்டையும் பாருங்கள்.

உங்கள் ஆல்பப் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஓரங்களை வெட்ட வேண்டாம், பாதி கார் அங்கேதான் நிற்கும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். திருத்தம், கூர்மையாக்கல் எதுவும் செய்யாதீர்கள்.