மைல்ஸின் அப்பா பிழைப்பாரா? ஸ்பைடர்-வெர்ஸ் கடைசிப் படம்: உங்கள் கேள்விகள்

மைல்ஸ் என்ற பையன் ஸ்பைடர்மேனாகும் இந்த அனிமேஷன் வரிசையில் முதல் இரண்டு படமும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லித்தான் பேசப்போகிறேன்.

யீஷூன் தம்பி: அண்ணே, எப்போதுதான் வரும்?

2023இல் இரண்டாவது படத்தின் கதை பாதியில் நின்றபோது அடுத்தது 2024 மார்ச் என்றுதான் அறிவித்திருந்தார்கள். அப்புறம் ஹாலிவுட் வேலைநிறுத்தம், தேதியே காணாமல் போனது. இப்போது 2027 ஜூன் என்கிறார்கள்.

தெம்பனிஸ் தம்பி: அப்பாவைக் கொன்றுவிடுவார்களா?

இதுதான் கேள்வி, மற்றதெல்லாம் சில்லறை. இந்தக் கதையில் பல உலகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பைடர்மேன். ஸ்பைடர்மேனுக்கு நெருக்கமான போலீஸ் கேப்டன் ஒருவர் சாகத்தான் வேண்டும், தடுத்தால் அந்த உலகமே குலையும் என்பது வேறோர் உலகத்து ஸ்பைடர்மேனான மிகேல் சொல்லும் கணக்கு. மைல்ஸின் அப்பா கேப்டனாகப் போகிறார். ஆனால் மைல்ஸின் தோழி க்வென், அவளும் வேறோர் உலகத்துச் சிலந்திப் பெண்தான், அவளுடைய அப்பாவும் போலீஸ் கேப்டன், அவர் என்ன செய்தார்? வேலையையே விட்டுவிட்டார், ஆள் உயிரோடுதான் இருக்கிறார். கதவை அங்கேயே லேசாகத் திறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பிழைப்பார், ஆனால் மைல்ஸ் எதையாவது இழக்காமல் சும்மா பிழைத்தால் எனக்குக் கோபம் வரும்.

செங்காங் நண்பர்: பழைய ஸ்பைடர்மேன்கள் எல்லாரும் வர வேண்டும், என்னிடம் பட்டியலே இருக்கிறது!

பட்டியலை மடித்து வையுங்கள். 2007இல் வந்த மூன்றாவது ஸ்பைடர்மேன் படத்தில் ரசிகர்கள் ஆசைப்படுகிறார்களே என்று வெனமையும் திணித்து, மணல் மனிதன், ஹாரி என்று மூன்று எதிரிகளும் முட்டி மோதி, பாவம், ஒருவருக்கும் இடம் போதவில்லை.

உட்லண்ட்ஸ் அக்கா: என் பையன் அந்த இந்திய ஸ்பைடர்மேன் பவித்ரைத்தான் கேட்கிறான்.

வருவான் அக்கா. இரண்டாவது படத்தின் முடிவில் க்வென் சேர்த்த கூட்டத்தில் அவனும் நிற்கிறான். 'சாய் டீ' என்று மைல்ஸ் சொன்னதும், சாய் என்றாலே டீதானே என்று அவன் பொரிந்து தள்ளுவானே, கோப்பிக்கடையில் யாராவது 'தே டீ ஒன்று' என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும், அதேதான்.

ஜூரோங் தம்பி: ஐமேக்ஸ் பெரிய திரைக்குக் காசு கொடுக்கலாமா?

தாராளமாக. முதல் படத்தில் காட்டுக்குள் வலை வீசும் காட்சியைத் திரும்பப் பாருங்கள்: அனுபவமுள்ள ஸ்பைடர்மேன் பீட்டருக்கு வினாடிக்கு 24 படங்கள், மைல்ஸுக்கு 12தான், அதனால்தான் பையன் தட்டுத் தடுமாறுவது போலத் தெரிகிறான். வித்தை கைவந்ததும் அவனுக்கும் 24. இதையெல்லாம் கைப்பேசியில் பார்த்தால் பாவம். ஆனால் நள்ளிரவுக் காட்சி வேண்டாம், இரண்டாவது படமே 2 மணி 20 நிமிடம். கடைசி எம்ஆர்டி ரயிலை விட்டுவிட்டு கிராப் காருக்கான காசை என்னிடம் கேட்காதீர்கள்.