சொந்த வண்டி இல்லாமல் கோவையில் வேலைக்குப் போய்வர முடியுமா?

முடியும். பதினொரு வருடமாக நான் போய்வருகிறேன். வெள்ளலூரில் வீடு, காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் புதிதாக வேலை கிடைத்து வருகிறீர்கள் போலிருக்கிறது. ஸ்கூட்டிக்கு லோன் போடுவதா, பஸ்ஸை நம்புவதா என்ற குழப்பம். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இங்கே பஸ் ஸ்டாண்ட் என்றால் எது என்று கேட்க வேண்டும். காந்திபுரத்திலேயே டவுன் பஸ் ஒரு பக்கம், வெளியூர் பஸ் ரோட்டுக்கு எதிரே. மதுரை, திருச்சிக்கு சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பாலக்காட்டுக்கு உக்கடம். ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரத்தான் 2020இல் எங்கள் வெள்ளலூரில் 168 கோடி ரூபாயில் பேருந்து நிலையம் கட்ட ஆரம்பித்தார்கள். பாதியில் நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்ட் வந்தால் ராத்திரியும் டவுன் பஸ் ஓடும் என்று எங்கள் தெருவே காத்திருந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2021 மே 8 முதல் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அதற்கு முன் எனக்குத் தினமும் 30 ரூபாய் ஆகும். மாதம் 26 நாள் வேலை, 780 ரூபாய். மகளின் டியூஷன் பீஸ் அந்தக் காசில்தான் போகிறது. அதனால் இந்தத் திட்டத்தை யாராவது கேவலமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. வரிப்பணம் வீணாகிறது என்று எழுதப் போகிறவர்களுக்கு முன்னாடியே சொல்லிவிடுகிறேன், வரி நாங்களும்தான் கட்டுகிறோம். சோப்பு வாங்கினாலும் அதில் வரி இருக்கிறது.

இரண்டு வருடம் முன்னால் ஆடித் தள்ளுபடி நேரம். காலையில் ஸ்டாப்பில் நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் பெண்கள். பஸ் எங்களைத் தாண்டிப் போய் முப்பது நாற்பது அடி தள்ளி நின்றது. பூக்கூடையோடு ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் படிக்கட்டில் சொட்டியது. “ஓசி டிக்கெட்டுக்குக் கூடை வேறயா” என்றார் கண்டக்டர். அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் படியைத் துடைத்தார்.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. “ஏனுங்கண்ணா, நீங்க கிழிக்கற ஒவ்வொரு சீட்டுக்கும் அரசாங்கம் காசு கொடுக்குதுங்கல்ல? அப்புறம் ஓசி எங்கிருந்து வந்துச்சுங்க?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. பஸ்ஸில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

எல்லா கண்டக்டரும் அப்படியில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். கடை சாத்தி, கணக்கு முடித்து நாங்கள் ஓடி வருவதற்குள் கடைசி வண்டி கிளம்பும் நேரமாகிவிடும். அதில் ரொம்ப நாள் வந்த ஒரு அண்ணனுக்கு எங்கள் தலைக்கணக்கு தெரியும். விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் ரோட்டையே பார்த்து நிற்பார். “இன்னும் ரெண்டு அம்மிணிக வரோணுமுங்க, செத்த இருங்க” என்று டிரைவரிடம் சொல்வார். அவர் ஓய்வு பெற்ற பிறகு இரண்டு முறை கடைசி வண்டியை விட்டுவிட்டு 250 ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றைய சம்பளத்தில் பாதி அது.

நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு அந்த ஓட்டம் ஓடுவது சாதாரணம் இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். எங்கள் கடையில் ஸ்டூல் போட்டார்கள், ஒரே மாதத்தில் அதன் மேல் சேலைக்கட்டு ஏறிவிட்டது. கேட்டால் வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதாம். கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் ஒரு சீட் கிடைத்தால் அதுதான் அன்றைக்கு நான் முதல்முறை உட்காருவது.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். அவினாசி ரோட்டிலும் சத்தி ரோட்டிலுமாக 34.8 கிலோமீட்டருக்குப் போட்ட திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் அது வந்தாலும் வெள்ளலூர், செட்டிபாளையம் பக்கம் இருப்பவர்களுக்குக் கடைசி ஐந்து கிலோமீட்டர் டவுன் பஸ்தான். ராத்திரி பத்தரைக்கு இன்னும் ஒரு டிரிப் விடுவதற்கு எத்தனை கோடி வேண்டும்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலை பகலில் என்றால், அவினாசி ரோடு, திருச்சி ரோடு மாதிரி மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள், ஸ்கூட்டி தேவைப்படாது. தனியார் டவுன் பஸ்ஸில் பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும், ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிய ராத்திரி ஆகும் என்றால், வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருநாள் ஒன்பதரைக்கு அந்த ஸ்டாப்பில் போய் நில்லுங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.